டெர்மினலில் ஐகான் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் தெரிகிறதா? படிப்படியாகச் சரிசெய்யும் வழி

ஸ்டார்ஷிப், பவர்லெவல்10கே (இரண்டும் கட்டளை தட்டும் வரியின் தொடக்கமான ப்ராம்ப்டை அலங்கரிப்பவை), எல்எஸ்டி (கோப்புகளைப் பட்டியலிடுவது), நியோவிம் (உரைத் தொகுப்பான்) நீட்சிகள் போன்றவற்றைப் புதிதாக நிறுவியவர்கள் அடிக்கடி சந்திக்கும் கோளாறு இது. கோப்புறைப் படமும் கிட் கிளைப் படமும் வர வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம், கேள்விக்குறி, சில சமயம் சீன எழுத்துகூட வந்து நிற்கும். உடனே கண்ணில் பட்ட எழுத்துருவையெல்லாம் இறக்கி நிறுவாதீர்கள். அப்படிச் சேரும் எழுத்துருக்களே பின்னால் வேறு கோளாறுகளைக் கொண்டுவரும்.

ஓர் ஐகான் திரைக்கு வர மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். நிரல் சரியான பைட்டுகளை அனுப்ப வேண்டும். டெர்மினல் அவற்றை யூடிஎஃப்-8 (எழுத்துகளின் யூனிகோட் எண்களைப் பைட்டுகளாக எழுதும் முறை) ஆகப் படிக்க வேண்டும். அந்த எண்ணுக்குரிய படம், டெர்மினல் தேடிப் பார்க்கும் ஏதாவதோர் எழுத்துருவில் இருக்க வேண்டும். எது நடக்கவில்லை என்று முதலில் கண்டுபிடித்துவிட்டால் வேலை இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

பணச் செலவு கிடையாது. ஐகான்கள் சேர்த்த எழுத்துருக்களைத் தரும் நெர்ட் ஃபான்ட்ஸ் தொகுப்பு இலவசம். டேட்டா செலவு உண்டு, அதைப் படி 3-இல் பார்க்கலாம். தொடங்கும் முன் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: உங்கள் டெர்மினலின் பெயரும் பதிப்பும், அதன் செட்டிங்ஸ் கோப்பு இருக்கும் இடம், இப்போது அதில் உள்ள எழுத்துருவின் முழுப்பெயர். செட்டிங்ஸ் கோப்பை ஒரு நகல் எடுத்து வைப்பதும் நல்லது.

கட்டளைகளையும் ஹெக்ஸ் எண்களையும் கீழே ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். எண்களில் ஏ, பி, சி, டி, இ, எஃப் ஆகியவை ஹெக்ஸ் இலக்கங்கள்.

1. திரையில் தெரிவது என்ன வகை என்று பாருங்கள்

கோளாறின் தோற்றமே காரணத்தைப் பாதி சொல்லிவிடும்.

வெற்றுக் கட்டம், அல்லது உள்ளே சின்ன ஹெக்ஸ் எண்கள் அடைத்த கட்டம்: பைட்டுகள் சரியாக வந்துவிட்டன, டெர்மினலும் சரியாகப் படித்துவிட்டது. படம் மட்டும் எந்த எழுத்துருவிலும் கிடைக்கவில்லை. எண்கள் தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஐகான் தொகுப்பு விடுபட்டிருக்கிறது என்பதை அந்த எண் காட்டும். படி 2-க்குப் போங்கள்.

கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி, அல்லது ஓர் ஐகானுக்கு மூன்று விசித்திர லத்தீன் எழுத்துகள்: எழுத்துருவுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. யூடிஎஃப்-8 எங்கோ தவறாகப் படிக்கப்படுகிறது. நேரே படி 7.

கீழ்க்கோடு: டிமக்ஸுக்குள் (ஒரே டெர்மினலில் பல அமர்வுகளை வைத்திருக்கும் நிரல்) ஐகான் இருக்க வேண்டிய இடத்தில் அடிக்கோடு தெரிந்தால் அது டிமக்ஸின் வேலை. இதற்கும் படி 7.

சீன அல்லது அரபு எழுத்து: நிரல் நெர்ட் ஃபான்ட்ஸின் பழைய பதிப்பு எண்ணை அனுப்புகிறது. படி 9.

படம் வருகிறது, ஆனால் வேறு படம்: ஒரே எண்ணுக்கு இரண்டு எழுத்துருக்கள் வெவ்வேறு படம் வைத்திருக்கின்றன. படி 4-இன் கடைசிப் பகுதி.

படம் சரி, ஆனால் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது, அல்லது அடுத்த எழுத்தின் மேல் ஏறி நிற்கிறது: அகலக் கோளாறு. படி 8.

2. எழுத்துரு எந்தக் கணினியில் இருக்க வேண்டும்?

புதியவர்கள் அதிக நேரத்தை இழப்பது இந்த இடத்தில்தான். எழுத்துரு தேவைப்படுவது எழுத்தை வரையும் கணினிக்கு. நிரல் ஓடும் கணினிக்கு அது தேவையில்லை.

எஸ்எஸ்எச் வழியாக ஒரு சர்வரில் நுழைந்திருந்தால் சர்வரில் எத்தனை எழுத்துரு நிறுவினாலும் பயன் இல்லை. உங்கள் லேப்டாப்பில் நிறுவுங்கள். டபிள்யூஎஸ்எல்-இல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) உபுண்டு ஓடினாலும் திரையை வரைவது விண்டோஸ் டெர்மினல், ஆகவே விண்டோஸில்தான் நிறுவ வேண்டும். டாக்கர் கன்டெய்னருக்கும், விஎஸ் கோடின் ரிமோட் இணைப்புக்கும் இதே விதி.

லினக்ஸில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தினால் வரும் உரைக் கன்சோல் வேறு உலகம். அதன் எழுத்துரு மொத்தமே 256 அல்லது 512 படங்களைத்தான் தாங்கும், டிடிஎஃப் கோப்புகளை அது ஏற்காது. அங்கே ஐகான்களுக்குப் போராட வேண்டாம். ஸ்டார்ஷிப் பயன்படுத்தினால் “ப்ளெயின்-டெக்ஸ்ட்-சிம்பல்ஸ்” என்ற தயார் அமைப்புக்கு மாறிவிடுங்கள்.

3. எதை இறக்குவது?

ஐகான்களில் பெரும்பாலானவை யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருப்பவை. இ000 முதல் எஃப்8எஃப்எஃப் வரையுள்ள 6400 இடங்களுக்கு யூனிகோட் எந்த எழுத்தையும் ஒதுக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எந்தப் படத்தையும் அங்கே வைக்கலாம். சாதாரண எழுத்துருவில் இந்த ஐகான்கள் இல்லாததற்கும், எழுத்துருவுக்கு எழுத்துரு படம் மாறுவதற்கும் இதுதான் காரணம்.

இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, ஐகான்கள் ஏற்கெனவே ஒட்டப்பட்ட முழு எழுத்துருவை நிறுவுவது. ஹேக், ஜெட்பிரெயின்ஸ் மோனோ, மெஸ்லோ போன்ற பல எழுத்துருக்கள் இப்படிக் கிடைக்கின்றன. இரண்டாவது வழி, இப்போதுள்ள எழுத்துருவை அப்படியே விட்டுவிட்டு, ஐகான்கள் மட்டும் கொண்ட “சிம்பல்ஸ் நெர்ட் ஃபான்ட்” ஒன்றைச் சேர்ப்பது.

லினக்ஸ் பயனருக்கு இரண்டாவது வழியே சிறந்தது என்பது என் கருத்து. உங்களுக்குப் பிடித்த எழுத்துரு மாறாது, அதன் புதிய பதிப்பு வந்தால் தாராளமாகப் புதுப்பிக்கலாம். இறக்கும் அளவும் சில எம்பிதான். முழு எழுத்துருவின் ஜிப் கோப்பு பெரியது. ஜெட்பிரெயின்ஸ் மோனோவுடையது 100 எம்பியைத் தாண்டும். மொபைல் டேட்டாவில் இறக்குபவர்கள் ஜிப்பை விட்டுவிட்டு அதே பக்கத்தில் உள்ள டார்.எக்ஸ்இசட் கோப்பை எடுங்கள், மிகச் சிறியது. விண்டோஸ் டெர்மினலில் இரண்டாவது வழியை நம்ப வேண்டாம். தனிப்பயன் பகுதி எண்களுக்கு அது தானாக மற்ற எழுத்துருக்களைத் தேடிப் போகும் என்று எதிர்பார்க்க முடியாது. அங்கே ஐகான் ஒட்டிய எழுத்துருவை எடுப்பதே நல்லது. காஸ்காடியா கோடின் 2024 ஏப்ரல் வெளியீட்டிலிருந்து “காஸ்காடியா கோட் என்எஃப்” என்ற வடிவமும் உடன் வருகிறது. விண்டோஸ்காரர்களுக்கு அதுவே எளிது.

வெஸ்டெர்ம், கோஸ்டி ஆகிய டெர்மினல்கள் ஐகான்களைத் தமக்குள்ளேயே கொண்டுள்ளன. கிட்டியின் அண்மைப் பதிப்புகளும் அப்படித்தான். இவற்றில் கட்டம் தெரிந்தால் முதலில் டெர்மினலைப் புதுப்பித்துப் பாருங்கள்.

முழு எழுத்துருவை எடுப்பவர்கள் மூன்று வகையைக் கவனியுங்கள். பெயர் “நெர்ட் ஃபான்ட் மோனோ” என்று முடிந்தால் ஒவ்வோர் ஐகானும் ஓர் எழுத்தின் அகலத்துக்குள் சுருக்கப்பட்டிருக்கும். வெறும் “நெர்ட் ஃபான்ட்” என்றால் ஐகான் பெரியது, பக்கத்து இடத்திலும் நீளும். “ப்ரோப்போ” என்றால் ஐகானின் அகலம் படத்துக்குப் படம் மாறும், டெர்மினலுக்கு ஆகாது. எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் மோனோவில் தொடங்குங்கள்.

ஒரு பொறி: டெபியன், உபுண்டுவில் கிடைக்கும் “ஃபான்ட்ஸ்-பவர்லைன்” பொதியில் ப்ராம்ப்டின் பகுதிகளைப் பிரிக்கும் பவர்லைன் முக்கோணங்களும் ஒருசில குறிகளும் மட்டுமே உண்டு. கோப்புறை, மொழிச் சின்னம் எதுவும் வராது. ப்ராம்ப்ட் அழகாகத் தெரிந்து, கோப்புப் பட்டியலில் மட்டும் கட்டம் தெரிகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

4. நிறுவுதல்

லினக்ஸ்: வீட்டுக் கோப்புறைக்குள் “.லோக்கல்/ஷேர்/ஃபான்ட்ஸ்” என்ற இடத்தில் டிடிஎஃப் கோப்புகளைப் போடுங்கள். கோப்புறை இல்லையென்றால் உருவாக்குங்கள். சூடோ தேவையில்லை. பிறகு “எஃப்சி-கேஷ் -எஃப்வி” ஓட்டுங்கள். சில நொடிகள் எடுக்கும், எழுத்துருக்கள் நிறைய இருந்தால் கொஞ்சம் கூடுதலாக. வரும் பட்டியலில் உங்கள் கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்ச் பயனர்கள் “டிடிஎஃப்-நெர்ட்-ஃபான்ட்ஸ்-சிம்பல்ஸ்” பொதியை நிறுவினால் போதும்.

மேக்: டிடிஎஃப்பை இருமுறை சொடுக்கி ஃபான்ட் புக்கில் நிறுவலாம். ஹோம்ப்ரூ இருந்தால் “ப்ரூ இன்ஸ்டால் --காஸ்க் ஃபான்ட்-ஹேக்-நெர்ட்-ஃபான்ட்” போதும். பழைய வழிகாட்டிகள் முதலில் “காஸ்க்-ஃபான்ட்ஸ்” என்ற தனிக் களஞ்சியத்தைச் சேர்க்கச் சொல்லும். 2024-இல் அது முதன்மைக் களஞ்சியத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டது, அந்த வரியை விட்டுவிடுங்கள்.

விண்டோஸ்: ஜிப்பைப் பிரித்த பிறகே நிறுவுங்கள். கோப்புகளைத் தேர்ந்து, வலச்சொடுக்கில் “இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்” கொடுங்கள். அந்தப் பயனருக்கு மட்டும் நிறுவிய எழுத்துருவைச் சில நிரல்கள் பார்ப்பதில்லை.

நிறுவியதும் டெர்மினலை முழுமையாக மூடித் திறக்க வேண்டும். ஒரு தாவலை மூடித் திறப்பது போதாது. க்னோம் டெர்மினலின் எல்லாச் சாளரங்களுக்கும் பின்னணியில் ஒரே சர்வர் ஓடுகிறது; எல்லாவற்றையும் மூடினால்தான் அது நிற்கும். மேக்கில் கமாண்ட்-க்யூ.

நிறுவியது உண்மையில் சேர்ந்ததா என்று லினக்ஸில் சோதிக்க அருமையான வழி ஒன்று உண்டு: எஃப்சி-லிஸ்ட் கட்டளைக்கு “:சார்செட்=எஃப்07பி” என்ற நிபந்தனையைக் கொடுங்கள். கோப்புறை ஐகானின் எண் அது. அந்த எண்ணில் படம் வைத்திருக்கும் எழுத்துருக்கள் மட்டும் பட்டியலில் வரும். ஒன்றும் வரவில்லை என்றால் நிறுவல் நடக்கவில்லை. மூன்று நான்கு வந்தால், அங்கேதான் “வேறு படம்” கோளாறு பிறக்கிறது. ஃபான்ட் ஆஸம் என்ற ஐகான் எழுத்துரு தனியாக நிறுவப்பட்டிருந்தால் அதே எண்களுக்குப் போட்டி போடும். வேண்டாததை நீக்கி, எஃப்சி-கேஷை மறுபடி ஓட்டுங்கள்.

5. டெர்மினலுக்குப் பெயரைச் சொல்லுங்கள்

ஐகான் ஒட்டிய எழுத்துருவை நிறுவியதோடு வேலை முடியாது. டெர்மினல் தானாக அதற்கு மாறாது. செட்டிங்ஸில் பெயரை எழுத்துப் பிசகாமல் கொடுக்க வேண்டும். கோப்பின் பெயரும் எழுத்துருக் குடும்பத்தின் பெயரும் ஒன்றல்ல என்பதை மறக்காதீர்கள்.

உரிமக் காரணங்களால் சில பெயர்களே மாற்றப்பட்டுள்ளன. நெர்ட் ஃபான்ட்ஸ் தரும் காஸ்காடியா கோடின் பெயர் “காஸ்கேடியாகோவ்”, சோர்ஸ் கோட் ப்ரோவின் பெயர் “சாஸ்கோட்ப்ரோ”, ஐபிஎம் ப்ளெக்ஸ் மோனோவின் பெயர் “ப்ளெக்ஸ்மோனோ”. கடைசியானது ஆங்கிலத்தில் ஏ-வுக்கு அடுத்து வரும் பி எழுத்தில் தொடங்கும். பட்டியலில் பழைய பெயரைத் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது. அதுபோல, பவர்லெவல்10கே பரிந்துரைக்கும் “மெஸ்லோஎல்ஜிஎஸ் என்எஃப்” வேறு, நெர்ட் ஃபான்ட்ஸ் தளத்தின் “மெஸ்லோஎல்ஜிஎஸ் நெர்ட் ஃபான்ட்” வேறு. ஒன்றை நிறுவிவிட்டு மற்றதன் பெயரை எழுதினால் டெர்மினல் அமைதியாக வேறோர் எழுத்துருவுக்குப் போய்விடும்.

விண்டோஸ் டெர்மினலில் செட்டிங்ஸ், டிஃபால்ட்ஸ், அப்பியரன்ஸ், ஃபான்ட் ஃபேஸ் என்று போங்கள். பட்டியலில் பெயர் இல்லையென்றால் “ஷோ ஆல் ஃபான்ட்ஸ்” பெட்டியை டிக் செய்யுங்கள். மோனோ அல்லாத நெர்ட் எழுத்துருக்களை விண்டோஸ் சம அகல எழுத்துருவாகக் கணக்கிடாததால் அவை மறைந்திருக்கும்.

விஎஸ் கோடில் தொகுப்பானின் எழுத்துரு வேறு, உள் டெர்மினலின் எழுத்துரு வேறு. “டெர்மினல்.இன்டெக்ரேட்டட்.ஃபான்ட்ஃபேமிலி” என்பதை நிரப்புங்கள். காற்புள்ளியிட்டு இரண்டு பெயர் தரலாம்: முதலில் உங்கள் எழுத்துரு, அடுத்து “சிம்பல்ஸ் நெர்ட் ஃபான்ட்”.

ஐடெர்ம்2-இல் ப்ரொஃபைல்ஸ், டெக்ஸ்ட் பகுதியில் ஆஸ்கி அல்லாத எழுத்துகளுக்குத் தனி எழுத்துரு தரும் வசதி இருக்கிறது. அது டிக் செய்யப்பட்டிருந்தால் முதன்மை எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் ஐகான் மாறாது. அதை எடுத்துவிடுங்கள், அல்லது அங்கே நெர்ட் எழுத்துருவைத் தாருங்கள்.

புட்டியில் (எஸ்எஸ்எச் இணைப்புக்கான நிரல்) முதன்மை எழுத்துருவையே மாற்றுவதுதான் வழி. விண்டோ, அப்பியரன்ஸ் பகுதியில் மாற்றிவிட்டு, சேமித்த செஷனையும் மறுபடி சேமியுங்கள். பலர் விடும் படி இது.

6. ஒரே ஓர் ஐகானை அனுப்பிச் சோதியுங்கள்

நியோவிமையோ ப்ராம்ப்டையோ வைத்துச் சோதிக்காதீர்கள். அவற்றுக்கு அவற்றின் செட்டிங்ஸ் சிக்கல் வேறு. வெறும் ஷெல்லில் “பிரின்ட்எஃப்” கட்டளையால் ஓர் ஐகானை மட்டும் அனுப்புங்கள்.

வழக்கமாக எல்லோரும் பவர்லைன் முக்கோணமான இ0பி0-வை அனுப்பிப் பார்ப்பார்கள். அது ஏமாற்றும். கிட்டி, அலாக்ரிட்டி, வெஸ்டெர்ம், விஎஸ் கோட் ஆகியவை அந்த முக்கோணத்தை எழுத்துருவைக் கேட்காமல் தாமே வரைந்துவிடும். முக்கோணம் தெரிவதால் எழுத்துரு சரி என்று சொல்ல முடியாது. கோப்புறை ஐகானான எஃப்07பி-யை அனுப்புங்கள். அதன் பைட்டுகள் இஎஃப், 81, பிபி. ஒவ்வொன்றின் முன்னும் பின்சாய்கோடும் எக்ஸ் எழுத்தும் சேர்த்து, ஒற்றை மேற்கோளுக்குள் வைத்து பிரின்ட்எஃப்புக்குக் கொடுங்கள். பின்சாய்கோடும் யூவும் சேர்த்த எண் வடிவம் சுலபம்தான். ஆனால் மேக்கோடு வரும் பாஷ் 3.2-க்கு அது புரியாது, பாஷ் 4.2 முதலே வேலை செய்யும். பைட் வடிவம் இரண்டிலும் ஓடும்.

இரண்டாவது சோதனை, மெட்டீரியல் என்ற ஐகான் தொகுப்பின் கோப்புறை: எண் எஃப்024பி, பைட்டுகள் எஃப்3, பி0, 89, 8பி. முதலாவது தெரிந்து இது தெரியாவிட்டால் உங்களிடம் இருப்பது பழைய பதிப்பு எழுத்துரு. படி 9 பாருங்கள்.

இரண்டும் தெரிந்தால் எழுத்துருவில் குறையில்லை. அதன் பிறகும் நிரலில் கட்டம் வந்தால் தவறு நிரலின் பக்கம். எந்த எழுத்துருவிலிருந்து படம் எடுக்கப்பட்டது என்று அறிய வெஸ்டெர்மில் “எல்எஸ்-ஃபான்ட்ஸ் --டெக்ஸ்ட்”, கிட்டியில் “--டீபக்-ஃபான்ட்-ஃபால்பேக்” உதவும்.

7. யூடிஎஃப்-8 எங்கே உடைகிறது?

“லோகேல்” என்று தட்டுங்கள், கணினியின் மொழி, எழுத்துமுறை அமைப்புகளை அது காட்டும். எல்சி_சிடைப் வரியின் முடிவில் யூடிஎஃப்-8 இருக்க வேண்டும். வெறும் சி அல்லது போசிக்ஸ் என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. சிறிய டாக்கர் படிமங்களில் லாங் மாறி பெரும்பாலும் காலியாகவே இருக்கும், அதற்கு “சி.யூடிஎஃப்-8” கொடுத்தால் போதும்.

எஸ்எஸ்எச்சில் உங்கள் லேப்டாப்பின் லோகேல் சர்வருக்குப் போய்ச் சேர்வது உண்டு. மேக்கிலிருந்து எல்சி_சிடைப் மதிப்பு வெறும் “யூடிஎஃப்-8” என்று போகும். லினக்ஸ் சர்வருக்கு அப்படியொரு லோகேல் தெரியாது. நுழைந்ததும் “செட்லோகேல்” எச்சரிக்கை வந்தால் இதுதான். மேக் டெர்மினலின் ப்ரொஃபைல்ஸ், அட்வான்ஸ்ட் பகுதியில் தொடக்கத்தில் லோகேல் மாறிகளை அமைக்கும் டிக்கை எடுத்துவிட்டு, சர்வரிலேயே சரியான லோகேலை அமையுங்கள்.

டிமக்ஸ், இணையும் நேரத்தில் எல்சி_ஆல், எல்சி_சிடைப், லாங் மாறிகளைப் பார்த்து, யூடிஎஃப்-8 இல்லையென்று முடிவுசெய்தால் ஐகானை அடிக்கோடாக்கிவிடும். “கில்-சர்வர்” கொடுத்து ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளையெல்லாம் அழித்துவிடாதீர்கள், அவசியமே இல்லை. டிடாச் செய்து வெளியே வந்து, “டிமக்ஸ் -யூ அட்டாச்” என்று மறுபடி இணையுங்கள். சரியானால் லாங் மாறியை ஷெல் கோப்பில் நிரந்தரமாக்குங்கள்.

8. வெட்டுப்பட்ட ஐகான், நகர்ந்த வரிகள்

டெர்மினல் திரை சம அகலக் கட்டங்களாலானது. தனிப்பயன் பகுதி எண்களுக்கு டெர்மினல் ஒரு கட்டம்தான் ஒதுக்கும். மோனோ அல்லாத எழுத்துருவின் ஐகான் அதைவிட அகலம். அடுத்த கட்டம் காலியாக இருந்தால் சில டெர்மினல்கள் நீள விடும், இல்லையேல் வெட்டிவிடும். மோனோ வகைக்கு மாறுங்கள், அல்லது ப்ராம்ப்ட் அமைப்பில் ஐகானுக்குப் பின் ஓர் இடைவெளி விடுங்கள்.

ஐகான் சரியாகத் தெரிந்து, அதற்கு வலப்பக்கம் உள்ள எல்லாம் ஒரு கட்டம் நகர்ந்திருந்தால் இரண்டு நிரல்கள் அகலத்தை வெவ்வேறாக எண்ணுகின்றன. யூனிகோட் இந்த எண்களின் அகலத்தை “தெளிவற்றது” என்று வகைப்படுத்துகிறது. ஒன்றாகவும் எண்ணலாம், இரண்டாகவும் எண்ணலாம். எல்லா இடத்திலும் ஒன்று என்றே வையுங்கள். க்னோம் டெர்மினலில் கம்பாட்டிபிலிட்டி தாவலில் “நேரோ”, ஐடெர்ம்2-இல் இரட்டை அகல டிக்கை எடுப்பது, விம்மில் “ஆம்பிவிட்த்” மதிப்பு “சிங்கிள்”.

9. சீன எழுத்து வருகிறதா? பதிப்பு மாற்றம்

நெர்ட் ஃபான்ட்ஸின் மூன்றாம் பதிப்பு 2023-இல் வந்தது. பழைய மெட்டீரியல் ஐகான்கள் எஃப்500 முதல் எஃப்டி46 வரை இருந்தன. அதன் பிற்பகுதி தனிப்பயன் எல்லையைத் தாண்டி, சீன, அரபு எழுத்துகளுக்கு யூனிகோட் ஒதுக்கிய இடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. மூன்றாம் பதிப்பு அவற்றை எஃப்0001-க்கு மேலே நகர்த்தியது. புதிய எழுத்துருவும் பழைய அமைப்புக் கோப்பும் சேர்ந்தால் கட்டமோ சீன எழுத்தோ வரும். பழைய எழுத்துருவும் புதிய நிரலும் சேர்ந்தால் கட்டம்.

எழுத்துருவை மூன்றாம் பதிப்புக்கு உயர்த்தி, பழைய பதிப்பை முழுமையாக நீக்குங்கள். பிறகு அமைப்புகளைப் புதுப்பியுங்கள். பவர்லெவல்10கே-யில் “பி10கே கான்ஃபிகர்” மறுபடி ஓட்டினால் கேள்விகள் கேட்டுத் தானே மாற்றிவிடும். நீங்களே எழுதிய நியோவிம் அமைப்பு பெரிதாக இருந்தால் “நெர்ட்ஃபிக்ஸ்” என்ற கருவி பழைய எண்களைத் தேடிக் காட்டும்.

10. தமிழ் எழுத்து உடைந்தால் அது வேறு நோய்

நெர்ட் எழுத்துரு நிறுவினால் தமிழும் சரியாகும் என்று நினைத்து முயல்பவர்கள் உண்டு. ஆகாது. தமிழ் எழுத்துகள் யூனிகோடில் முறையான இடம் பெற்றவை, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவிலிருந்து வருபவை. “கெ” என்பதில் கொம்பு பின்னால் போய்ப் புள்ளி வட்டத்தோடு நின்றால், எழுத்துகளைச் சரியான வரிசையில் கோத்து வரையும் வேலையை டெர்மினல் செய்யவில்லை என்று பொருள். அலாக்ரிட்டியில் அந்த வசதி இல்லை. கிட்டி, வெஸ்டெர்ம் போன்றவற்றில் உண்டு. அங்கும் அகலமான தமிழ் எழுத்துகள் சமக் கட்டங்களுக்குள் நெருங்கித் தெரியும். தமிழ் எழுத்துருவை டெர்மினலின் முதன்மை எழுத்துருவாக வைக்காதீர்கள், ஆங்கில வரிகளின் இடைவெளி குலைந்துவிடும்.

11. இத்தனைக்கும் சரியாகவில்லை என்றால்

உதவி கேட்கும்போது “ஐகான் வரவில்லை” என்று மட்டும் எழுதினால் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. டெர்மினலின் பெயரும் பதிப்பும், செட்டிங்ஸில் உள்ள எழுத்துருப் பெயர், லோகேல் கட்டளையின் விடை, படி 6-இன் இரண்டு சோதனைகளின் ஸ்கிரீன்ஷாட், டிமக்ஸ் அல்லது எஸ்எஸ்எச் இடையில் இருக்கிறதா என்ற விவரம், லினக்ஸானால் எஃப்சி-லிஸ்ட் சோதனையின் விடை: இவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். ஐகானை மட்டும் நகலெடுத்து ஒட்டாதீர்கள், படிப்பவரின் திரையில் அது வேறாகத் தெரியும். எண்ணை எழுதுங்கள்.